நான் பார்க்காத ஆறு நிமிடங்கள்

நான் கேட்டது அழுகையின் நடுப்பகுதியை. அதன் தொடக்கத்தைக் கேட்கவில்லை.

புதுப்பட்டினத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை. அதன்மேல் மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. காலை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தூறல் தொடங்கியது. கொடியில் குழந்தைத் துணிகள் ஒன்பது காய்ந்துகொண்டிருந்தன. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பின்பக்கம் போனேன். எங்கே போனாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவது என் பழக்கம். துணிகளை எடுத்து, கூரைக்கடியில் நின்றபடியே மடித்து, கிளிப்புகளை எண்ணி டப்பாவில் போட்டேன். அதற்குள் தூறல் பெருமழையாகிவிட்டது. உள்ளே வந்தபோது பதினொன்றுக்கு நான்கு நிமிடம்.

மகள் ஆதிரை கட்டிலுக்குக் கீழே, மொசைக் தரையில், குப்புறக் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அவளோடு ஒரு தலையணையும் விழுந்திருந்தது. அது அப்போதுதான் தொடங்கிய அழுகையா, கொஞ்ச நேரம் அசைவற்றுக் கிடந்துவிட்டுப் பிறகு எழுந்த அழுகையா, எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

சென்ற வாரம், திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து எங்களுக்கு மகள் பிறந்த கதையை எழுதியிருந்தேன். ‘இவ்வளவு காத்திருந்து பெற்ற பிள்ளையைத் தரையிலேயே விட்டிருக்க மாட்டீர்களே’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, தரையிலேயே விட்டிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

விடுப்பு எடுத்த அப்பா

அன்று நான் ஏன் வீட்டில் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமையான செய்தி என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

என் மனைவி சுகந்தி செங்கல்பட்டில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பேறுகால விடுப்பு ஆறு மாதம் முடிந்து, அந்த வாரத் திங்கட்கிழமைதான் திரும்பப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவதாக ஏற்பாடு. அவர் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்துக்கு நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அளவுக்கருவிகள் பிரிவில் தொழில்நுட்பப் பணியாளன். காரணம் என்ற இடத்தில் ‘மகளைப் பார்த்துக்கொள்ள’ என்று எழுதியிருந்ததை, என்னோடு பணியில் சேர்ந்த செல்வம் அலுவலகப் பேருந்து முழுக்கப் பரப்பிவிட்டான்.

“மச்சான் நாளையிலேர்ந்து ஆயா வேலைக்குப் போறான்பா. டூட்டி எப்டி மச்சான், ஷிப்டா, ஜெனரலா?”

“இருபத்தி நாலு மணி நேரமும்டா,” என்றேன்.

“ஓவர்டைம் உண்டா?”

“டப்பு கெடையாது. சிரிப்பு உண்டு.”

பேருந்தே சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை. என் அப்பாவும் அம்மாவும் அச்சரப்பாக்கம் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் பிறந்த பத்தாவது நாள் அம்மா நடவுக்குப் போனதாகச் சொல்வார்கள். என்னை வரப்பில் ஒரு கூடைக்குள் வைத்திருந்தார்களாம். பிள்ளைக்காக விடுப்பு என்று ஒன்றை எழுதிக் கொடுத்து, அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, சம்பளமும் பிடிக்காமல் வீட்டில் இருந்த முதல் ஆண் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தத் தாளின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாளும் பிசகில்லாமல் போயின. பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், துணி மாற்றிய நேரம் எல்லாம் நாட்குறிப்பில் ஏறின. மூன்றாவது நாள்தான் மழை.

குறிப்பேட்டை நம்பியவன்

ஆதிரை கொழுகொழுவென்று இருப்பாள். நான்கு மாதத்திலேயே புரண்டுவிடும் பிள்ளைகள் உண்டு. இவள் ஐந்து முடிந்து ஆறு தொட்டும் மல்லாந்து கிடந்து விரலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். சுகந்திக்கு அதில் கவலை. நான் நாள்தோறும் நாட்குறிப்பில் ‘புரளவில்லை’ என்று ஒரு சொல் எழுதி வந்தேன். முப்பத்தெட்டு நாட்கள், முப்பத்தெட்டு ‘புரளவில்லை’.

அன்று காலை அவளைக் கட்டிலின் நடுவில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அணை கட்டிவிட்டுப் போனதற்குக் காரணம் இதுதான். நான் அலட்சியமானவன் இல்லை. அலட்சியமாக விட்டுப் போயிருந்தால் மனத்துக்குள் ஒரு பயமாவது இருந்திருக்கும். என்னிடம் முப்பத்தெட்டு நாள் ஆதாரம் இருந்தது. நேற்றுவரை புரளாதவள் இன்றும் புரள மாட்டாள் என்று என் கையெழுத்தையே நம்பிப் போனேன்.

பிள்ளைகள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் புரள்வதில்லை. முதல் தடவை புரள்வது நாம் பார்க்கும்போது நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தலையணை அணையும் ஆகாது. பிள்ளையோடு சேர்ந்து அதுவும் விழும், அல்லது முகத்தில் சாய்ந்து மூச்சை அடைக்கும். இவையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை.

அவளைத் தூக்குவதற்கு முன் ஒரு நொடி பார்த்தேன். கை கால் நான்கும் அசைந்தன, கழுத்தும் திரும்பியது. தலைக்கும் முதுகுக்கும் கை கொடுத்துத் தூக்கினேன். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சின்னப் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்திருந்ததால் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. காதிலோ மூக்கிலோ இரத்தம் இல்லை, தண்ணீர்போல் எதுவும் வடியவில்லை. உச்சிக்குழி புடைக்கவில்லை. டார்ச் அடித்தபோது இரண்டு கண்மணியும் ஒரே அளவில் சுருங்கின. இடது நெற்றியோரம் சற்றுச் சிவந்திருந்தது. ஈரத்துணியை அங்கே ஒற்றினேன். ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு, ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டே, மறுகையால் அளவு நாடாவை எடுத்துக் கட்டிலின் உயரத்தை அளந்தேன். மெத்தையோடு இருபத்து மூன்று அங்குலம். சுகந்தி இதை இன்றுவரை உறவினர் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியே அதுதான்.

ஒரு சொல்

சுகந்திக்குப் போன் செய்தேன்.

“கட்டில்லேர்ந்து ஆதிரை விழுந்துட்டா. இப்ப நல்லா இருக்கா. வாந்தி இல்ல, ரத்தம் இல்ல.”

அந்தப் பக்கம் ஏதோ கண்ணாடிப் பொருளை மேசையில் வைக்கும் சத்தம்.

“எப்டி விழுந்தா? புரண்டாளா?”

“அப்டித்தான் இருக்கணும்.”

“விழுந்த உடனே அழுதாளா?”

பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தவுடன் அழுத பிள்ளை நினைவோடு இருந்த பிள்ளை. இடையில் அமைதியாகக் கிடந்திருந்தால் அது வேறு கணக்கு.

“அழுதா,” என்றேன்.

பொய் சொல்லவில்லை. அழத்தான் செய்தாள். ஆனால் அவள் கேட்டது ‘உடனே’. நான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போனேன். பதினோரு ஆண்டு காத்திருந்து பெற்றவளை, சுகந்தி வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், நான் ஆறு நிமிடம் தனியாக விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“சரி, கூட்டினு வாங்க. நான் டாக்டருக்குச் சொல்லி வைக்கிறேன்,” என்றாள். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவுதான் வழி முழுக்க என்னைக் குத்தியது.

ஆதிரை பிறந்ததும் செங்கல்பட்டில்தான். பிறந்ததிலிருந்து பார்க்கும் மருத்துவரும் அங்கேதான். அவள் விழித்து விளையாடிக்கொண்டிருந்ததால் அவ்வளவு தூரம் போகத் துணிந்தேன். மயக்கமோ வலிப்போ ஒரு தடவைக்கு மேல் வாந்தியோ இருந்திருந்தால், பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் ஓட வேண்டும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கஜாவின் ஆட்டோ

தெருமுனையில் நிற்கும் ஆட்டோக்காரர் கஜா. என் வயதுதான் இருக்கும். பிள்ளையோடு நான் மழையில் வந்ததைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டார்.

“இன்னா சார், கொயந்த வாந்தி கீந்தி எடுத்துச்சா?”

“இல்ல.”

“அப்ப ஒன்னியும் ஆவாது. எங்க அக்கா பொண்ணு மாடிப்படிலேர்ந்து உருண்டுகினே வந்து கீய வுயுந்துச்சு. இன்னிக்கி காலேஜ் போய்கினு கீது. எனக்கே கணக்கு சொல்லிக் குடுக்குது.”

திருக்கழுக்குன்றம் தாண்டும் முன் ஆதிரைக்குக் கண் சொருகியது. அது அவள் வழக்கமாகத் தூங்கும் நேரம். பதினொன்றரை என்று நாட்குறிப்பு சொல்லும். ஆனால் அன்று எனக்கு நாட்குறிப்பின்மேல் நம்பிக்கை போயிருந்தது.

“தூங்க வுடாத சார்,” என்றார் கஜா, கண்ணாடியில் பார்த்து. “மண்டைல அடிபட்டா தூங்கவே கூடாதுன்னுவாங்க. லேசா குலுக்கிப் பாரு.”

“குலுக்கக் கூடாதுண்ணா. அதான் ரொம்ப ஆபத்து.”

“அப்ப மூஞ்சில தண்ணி?”

“ஒண்ணும் வேணாம். நீங்க ரோட்டப் பாருங்க.”

“பாத்துகினுதான் கீறேன். பேஜாராகாத சார்.”

உள்ளங்காலை விரலால் வருடினேன். காலை இழுத்துக்கொண்டு முகம் சுளித்தாள். மூச்சு சீராக இருந்தது. இரண்டு மைல் கழித்து மறுபடி வருடினேன். மறுபடி சுளித்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை அவ்வளவு தொந்தரவு செய்திருக்க மாட்டார்கள். தூக்க நேரத்தில் தூங்குவது குற்றமில்லை, எழுப்பினால் எழ வேண்டும், அவ்வளவுதான் என்று பின்னால் மருத்துவர் சொன்னார்.

வருடிய நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். உடனே அழுதிருப்பாள். அழாமல் எப்படி இருப்பாள்? இருபத்து மூன்று அங்குலம்தானே? அழுதிருப்பாள். செங்கல்பட்டு ஏரி தெரியும்போது எனக்கு அது கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகிவிட்டது.

குறுக்குக் கோடு

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

மணிக்கொரு தரம் கருவிகளின் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். ஏதோ ஒரு காரணத்தால் ஓர் அளவை எடுக்க முடியாமல் போனால், அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் பார்த்து, நடுவில் இதுதான் இருந்திருக்கும் என்று எழுதவும் கூடாது. ஒரு குறுக்குக் கோடு போட்டு, ‘எடுக்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக யாரையும் யாரும் திட்ட மாட்டார்கள். ஊகித்து எழுதினால்தான் கேள்வி வரும்.

இருபது ஆண்டுகளில் நான் போட்ட குறுக்குக் கோடுகள் ஏழு. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று சொல்வேன். ஊகித்து எழுதியது ஒன்றும் இல்லை.

அன்று மருத்துவரின் அறைக்குள் நுழைந்தபோது இந்த வழக்கமெல்லாம் என் நினைவில் இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

சுகந்தி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள். கையுறையைக் கழற்ற மறந்து, ஒரு கையில் அப்படியே வந்திருந்தாள். பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். மருத்துவர் ஐம்பதை ஒட்டிய அம்மாள், குறைவாகப் பேசுகிறவர்.

“எதுலேர்ந்து விழுந்தா?”

“கட்டில், டாக்டர்.”

“எவ்ளோ உயரம்?”

“இருபத்து மூணு இஞ்ச். மெத்தையோட,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “அளந்தீங்களா?”

“ஆமா.”

“கீழ விரிப்பு?”

“இல்ல. மொசைக்.”

“விழுந்ததும் அழுதாளா?”

“உடனே அழுதிருக்கா டாக்டர்,” என்றாள் சுகந்தி. அவள் சொன்னது என்னுடைய சொல். நான் விட்ட சொல்லை அவளே போட்டு, நல்ல மனதோடு சொன்னாள்.

மருத்துவர் கண்ணில் விளக்கு அடித்தார், உச்சியைத் தொட்டார், கை கால்களை மடக்கி நீட்டினார். சுகந்தியைப் பால் கொடுக்கச் சொன்னார். ஆதிரை ஒழுங்காகக் குடித்தாள். குடித்துவிட்டு மருத்துவரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னென்ன பாக்கணும்னு எழுதித் தரேன்,” என்று பேனாவை எடுத்தார்.

அவர் தேதி எழுதினார். மகளின் பெயர் எழுதினார். வயது எழுதினார். அதன் கீழே ‘உடனே அழுதாள்’ என்று எழுதினார்.

“டாக்டர், ஒண்ணு திருத்தணும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அவ விழுந்ததை நான் பாக்கல. பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தேன். ஆறு நிமிஷம். மழைல சத்தம் எதுவும் கேக்கல. நான் வரும்போது அழுதுட்டிருந்தா. உடனே அழுதாளா, நடுவுல மயங்கிக் கிடந்தாளான்னு எனக்குத் தெரியாது. போன்ல இவங்ககிட்ட இதச் சொல்லாம விட்டுட்டேன்.”

சுகந்தி அப்போதுதான் கையில் இருந்த கையுறையைப் பார்த்தாள். மெதுவாகக் கழற்றினாள்.

மருத்துவர் எழுதிய தாளைக் கிழிக்கவில்லை. ‘உடனே அழுதாள்’ என்று முன்பே எழுதியிருந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு, வேறு எழுதினார்.

“அப்ப வீட்டுக்கு வேணாம். சாயந்தரம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஒரு வயசுக்குக் கீழ, யாரும் பாக்காத நேரத்துல விழுந்திருக்கா. நான் பக்கத்துல வெச்சுப் பாக்கறதுதான் நல்லது.” பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: “பக்கத்துலதான் டாக்டர் இருந்தேன்னு நிறைய பேர் சொல்லிடுவாங்க. நாங்க குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கறோம்னு நெனைக்கறாங்க. நாங்க மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் கேக்கறோம்.”

சுகந்தியின் விரல்கள்

மேல்மாடியில் ஒரு படுக்கை கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கம்பி வைத்த குழந்தைக் கட்டில். அரை மணிக்கு ஒரு தரம் செவிலிப் பெண் வந்து விளக்கு அடித்துப் பார்த்துப் போனார்.

சுகந்தி கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

“லேப்ல சாம்பிள் கொட்டிப்போச்சுன்னா, கொட்டிப்போச்சுன்னுதான் எழுதுவோம். பக்கத்து ட்யூப்லேர்ந்து கொஞ்சம் ஊத்தி வைக்க மாட்டோம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சே ஊத்துனீங்களா?”

“ஆமா.”

“ஆறு நிமிஷம் ஒன்பது துணிய மடிச்சினு நின்னீங்களா? அள்ளிப் போட்டுட்டு வர வேண்டியதுதானே?”

இப்போது நான் துணிகளை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

மூன்று மணி இருக்கும். சுகந்தி பால் கொடுத்துக்கொண்டே, வழக்கம்போல் மகளின் தலையை வருடிக்கொண்டிருந்தாள். இடது காதுக்கு மேலே அவள் விரல் நின்றது. திரும்பப் போய், மறுபடி வந்து, அங்கேயே நின்றது. வலது பக்கமும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“இங்க தொட்டுப் பாருங்க. அழுத்தாதீங்க.”

எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் என் விரலைப் பிடித்து வைத்த பிறகுதான் தெரிந்தது. முடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஈரப் பஞ்சுபோல ஒரு மெத்தென்ற வீக்கம். காலையில் அது அங்கே இல்லை.

நாள் முழுக்க ஊசி முனையில் நரம்பு தேடுகிற விரல்கள் அவை. என் டார்ச்சும் அளவு நாடாவும் கண்டுபிடிக்காததை அவை கண்டுபிடித்தன. அந்த விரல்களுக்குரியவள் என் மனைவி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உள்ள பெருமையை மறைக்க விரும்பவில்லை.

நெற்றியில் எலுமிச்சை அளவு புடைத்தால் எல்லோரும் அலறுவோம். அது பெரும்பாலும் தானே வடியும். கைக்குழந்தைக்குத் தலையின் பக்கவாட்டில், காதுக்கு மேலோ பின்னாலோ, மெத்தென்று தெரியும் வீக்கம்தான் கவனிக்க வேண்டியது என்றார் மருத்துவர். அங்கே எலும்பு மெல்லியது. சில சமயம் வீக்கம் சில மணி நேரம் கழித்தே வரும். அதைத் தேய்க்கவோ, ஒத்தடம் கொடுத்துக் கரைக்கவோ கூடாது.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, ஒரு நரம்பியல் மருத்துவரை அழைத்துக் காட்டினார்கள். மண்டை ஓட்டில் முடி அளவுக்கு ஒரு விரிசல். உள்ளே இரத்தக் கசிவு இல்லை. எலும்பு தானாகவே கூடிவிடும், அறுவை வேண்டியதில்லை, இரண்டு நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

“அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருந்தா?” என்று சுகந்தி கேட்டாள்.

“பெரும்பாலும் ஒண்ணும் ஆயிருக்காது,” என்றார் மருத்துவர். “ஆனா கசிவு இருந்திருந்தா, நீங்க வீட்ல தூங்க வெச்சிருப்பீங்க. கதவைத் தட்டி யாரும் சொல்ல மாட்டாங்க.”

கேட்கிறவர்களுக்கு

அந்த விரிசல் கூடிவிட்டது. ஆதிரை இன்று இரண்டாம் வகுப்பு. மாமல்லபுரம் கடற்கரை மணலில் கையை ஊன்றிக் கரணம் அடிப்பாள். ஒவ்வொரு கரணத்துக்கும் எனக்கு நெஞ்சில் ஒரு துடிப்பு தவறும். எண்ணிக்கையை மட்டும் விடாமல் எழுதி வருகிறேன்.

அலுவலகத்தில் புதிதாக அப்பாவான எவன் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதுதான். ஆறு மாதமோ ஆறு நாளோ, உயரமான இடத்தில் வைத்தால் ஒரு கை பிள்ளைமேல் இருக்கட்டும். கை எடுக்க வேண்டும் என்றால் தரையில் பாய் விரித்துப் படுக்க வை. தூளி கட்டினால் தாழக் கட்டு. சக்கரம் வைத்த நடைவண்டியை யாராவது பரிசாகக் கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிப் பரணில் போடு. செல்வம் தன் மகனுக்கு வாங்கியதை நான் அப்படித்தான் பரணில் ஏற்ற வைத்தேன். “ஆயா சொன்னா கேக்கணும்பா,” என்று சொல்லிக்கொண்டேதான் ஏற்றினான்.

ஒரு வயதுக்குள் தலையில் அடிபட்டால், நன்றாகச் சிரித்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடு. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, நிற்காத அழுகை, பால் மறுப்பது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, ஒரு கையோ காலோ அசையாமல் இருப்பது, காது மூக்கில் வடிவது, உச்சிக்குழி புடைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதே. மருத்துவரைக் கேட்காமல் மருந்து எதுவும் கொடுக்காதே.

இவற்றையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார்கள். கடைசியாக ஒன்று சொல்வேன். அங்கே போய், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதே. இதற்கு மட்டும் யாரும் தலையாட்டுவதில்லை. தரையைப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் மாலை

மருத்துவமனையில் இரண்டாம் நாள். ஆதிரை மல்லாந்து கிடந்தவள், இடது தோளை ஒரு தரம் எக்கினாள். காலைத் தூக்கி வலது பக்கம் போட்டாள். சற்று நேரம் பக்கவாட்டில் அப்படியே தயங்கினாள். பிறகு முழுதாகப் புரண்டு, முகத்தைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி இருந்தது. நாங்கள் இருவரும் இருந்தோம்.

“இப்பத்தான் நான் பாக்கறேன்,” என்றாள் சுகந்தி.

“நானும் இப்பத்தான்,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. செவிலிப் பெண் எட்டிப் பார்த்தார்.

“கொயந்த குப்புற வுயுந்துடுச்சா? இன்னா மேடம், ஸ்வீட்டு எங்க?”

“அவங்கப்பாகிட்ட கேளுங்க. அவருக்குத்தான் நேத்தே தெரியும்,” என்றாள் சுகந்தி.

செவிலிப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. திட்டுதான். ஆனால் நானும் சிரிக்க அதில் இடம் விட்டிருந்தாள்.

முந்தின நாள் மதியத்திலிருந்து சுகந்தி அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. குளிக்கப் போனால்கூட, செவிலியைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுத்தான் போவாள். நானும் அங்கேயேதான் இருந்தேன். ஆனாலும் செவிலியைத்தான் கூப்பிட்டாள். ஏன் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஐந்து மணிக்கு அவள் எழுந்து கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டாள். ஆதிரையைத் தூக்கி, உச்சியில் முகம் வைத்துவிட்டு, என் கையில் கொடுத்தாள்.

“நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன். நீங்க பாத்துக்கோங்க.”

செவிலிப் பெண் வாசலில்தான் நின்றிருந்தார். சுகந்தி அவரிடம் எதுவும் சொல்லாமல், அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளையைக் கட்டிலில் விடவில்லை. கம்பிக் கட்டில்தான், விட்டிருக்கலாம். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். இடது கை மரத்தது. மாற்றிக்கொள்ளவில்லை. கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சுகந்தி வந்தபோது வெளியில் விளக்குப் போட்டுவிட்டார்கள். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் அவள் எங்கள் இருவரையும் தனியாக விட்டிருந்தாள்.

“டீயா இவ்ளோ நேரம்?” என்றேன்.

“சுண்டல் இருந்துச்சு. உக்காந்து சாப்ட்டு வந்தேன்.”

“எப்டி இருந்துச்சு?”

“உப்பு கம்மி,” என்றாள். பிள்ளையை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எதிரில் இருந்த பெஞ்சில் காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.